லெதர் சீட்டைப் பராமரிக்க எது நல்லது: ஈரத்துணியா, கிளீனரா, கண்டிஷனரா, கடையா?

காரில் லெதர் சீட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த கண்டிஷனர் வாங்கலாம்?" என்றுதான். தோலை மென்மையாக வைக்கத் தடவும் எண்ணெய்ப்பசைத் திரவம் அது. கடை அலமாரி நிறைய பாட்டில்கள் நிற்கின்றன. ஒன்றில் ஊட்டம் தரும் என்று எழுதியிருக்கும், இன்னொன்றில் புதுப் பொலிவு தரும் என்று. ஈரத்துணியே போதும் என்கிறார் ஒருவர், எண்ணெய் தடவு என்கிறார் இன்னொருவர், வண்டியைக் கடையில் விட்டுவிடு என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் எதுவுமே செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் சீட்டுக்குச் சுத்தம்தான் முதல் வேலை. கண்டிஷனர் அதற்கு அப்புறம்தான், அதுவும் எல்லாச் சீட்டுக்கும் ஒரே அளவில் தேவைப்படாது. கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் ஒன்றில்தான் போட முடியும் என்றால் நல்ல கிளீனரில் போடுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது சீட்டின் மேல் இருப்பது என்ன என்று பார்த்தால் புரியும்.

## உங்கள் சீட்டில் இருப்பது எந்த வகை?

இன்றைய கார்களில் வரும் லெதரில் மிகப் பெரும்பகுதி நிறமிப் பூச்சு ஏற்றிய லெதர். தோலைப் பதனிட்டு, சாயம் ஏற்றி, அதன் மேல் நிறமி கலந்த பூச்சை அடித்து, கடைசியாகத் தெளிவான பாலியூரித்தேன் (ஒருவகை பிளாஸ்டிக்) பூச்சு ஒன்றையும் போட்டிருப்பார்கள். கார் சீட்டின் தோல் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன் இருக்கும். பூச்சு அதைவிடப் பல மடங்கு மெல்லியது. ஐரோப்பியத் தர நிர்ணயப்படி பூச்சின் தடிமன் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தப் பொருளை லெதர் என்று சொல்லி விற்கவே கூடாது. நம் உடை உரசுவதும், அழுக்குப் படிவதும், துணி துடைப்பதும் இந்த மெல்லிய படலத்தின் மேல்தான். உள்ளே இருக்கும் தோலை நாம் தொடுவதே இல்லை.

தோலுக்குத் தேவையான எண்ணெய்ப்பசையைப் பதனிடும் ஆலையிலேயே நாருக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அதன் பிறகு பூச்சு மூடிவிடுகிறது. நகப்பூச்சுப் போட்ட நகத்தின் மேல் எண்ணெய் தேய்த்தால் அது நகத்துக்குள் இறங்காது. நிறமிப் பூச்சு லெதரில் கண்டிஷனர் தேய்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். தையல் ஓரங்கள், துளைகள், நுண்ணிய விரிசல்கள் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகலாம். மீதி மேலேயே நிற்கும்.

இதிலிருந்து விலகி நிற்கும் வகைகளும் உண்டு. அனிலின் லெதரில் சாயம் மட்டும்தான் இருக்கும், பூச்சு இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். செமி அனிலினில் மெல்லிய பூச்சு உண்டு. இவை விலை உயர்ந்த கார்களில் வருபவை. நுபக், ஸ்வேட் இரண்டும் மேற்பரப்பை உரசி வெல்வெட் போல ஆக்கிய தோல்கள். அல்கான்டரா பார்ப்பதற்கு ஸ்வேட் மாதிரி இருந்தாலும் அது தோலே இல்லை. 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் உருவான, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி அது. அல்கான்டராவில் லெதர் கண்டிஷனரைத் தடவினால் இழைகள் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக ஆகிவிடும்.

அப்புறம், லெதர் சீட் என்று விற்கப்படும் பல கார்களில் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும்தான் தோல். பக்கவாட்டு, பின்புறம், கதவுப் பட்டை எல்லாம் வினைல் அல்லது பாலியூரித்தேன் செயற்கை லெதராக இருக்கும். இவற்றுக்குக் கண்டிஷனரால் ஒரு பயனும் இல்லை, சுத்தம் செய்தாலே போதும்.

எது எது என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். வெளியே தெரியாத இடத்தில், தலைசாய்ப்பின் பின்பக்கம் போல, விரல் நுனியால் ஒரு சொட்டை வைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு உருண்டையாக அப்படியே நின்றால் பூச்சு இருக்கிறது. ஓரம் மெல்ல விரிந்து, அந்த இடம் ஒரு நிழல் விழுந்ததுபோல் கருத்து, காய்ந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பினால் அது அனிலின் வகை. சொட்டு நின்றபடியே இருந்து, சுற்றியுள்ள விரிசலில் மட்டும் கருமை ஓடினால் பூச்சு தேய்ந்த பழைய லெதர் என்று அர்த்தம். இந்தச் சோதனையோடு கார் தயாரிப்பாளர் தரும் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்தச் சீட்டில் என்ன பொருள், எதைத் தொடக் கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

ஒன்று, அழுக்கை உண்மையிலேயே எடுக்கிறதா, அல்லது பரப்பிவிட்டுப் போகிறதா. சீட்டில் படிவது வெறும் தூசி இல்லை. நம் உடம்பின் எண்ணெய்ப்பசை, வியர்வை, சன்ஸ்கிரீன், கைகழுவும் ஜெல், உடையின் சாயம் எல்லாம் சேர்ந்த பிசுக்கு. இது பூச்சை மெல்ல மெல்ல இளக்குகிறது. தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும் மற்ற இடங்களுக்கு முன்பே பிசுபிசுத்து உரிவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு, பூச்சுக்குக் கெடுதல் செய்கிறதா. லெதர் அமிலத் தன்மை உள்ள பொருள். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவில் (7 என்பது நடுநிலை) சுமார் 3.5 முதல் 5 வரை. கடும் காரத்தன்மை கொண்ட சோப்புகள், எல்லா இடத்துக்கும் என்று விற்கப்படும் கிளீனர்கள், ஆல்கஹால், சுரண்டும் பொருட்கள் இவை எல்லாம் பூச்சையும் அதற்குக் கீழே இருப்பதையும் பாதிக்கும்.

மூன்று, வேலை முடிந்ததும் என்ன மிச்சம் வைக்கிறது. பளபளப்பா, பிசுபிசுப்பா, வழுக்கலா? கார் சீட் லெதர் புதிதாக வரும்போது மங்கலாகத்தான் இருக்கும். பளபளவென்று மின்னுகிற சீட் பெரும்பாலும் பிசுக்கு ஏறிய சீட்.

நான்கு, சீட்டுக்குள் இருக்கும் மற்றவற்றுக்கு ஒத்துவருகிறதா. துளையிட்ட லெதர், காற்றோட்ட மின்விசிறி, சூடாக்கும் கம்பி, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று உணரும் சென்சார் எல்லாம் அந்தத் தோலுக்கு அடியில்தான் இருக்கின்றன.

ஐந்து, தொடர்ந்து செய்ய முடியுமா. வருடத்துக்கு ஒருமுறை பிரமாதமாகச் செய்வதைவிட, மாதம் ஒருமுறை சுமாராகச் செய்வது சீட்டுக்கு நல்லது.

## வழி 1: ஈரத்துணி மட்டும்

மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து துடைப்பது. செலவு கிடையாது, ஆபத்தும் கிட்டத்தட்ட கிடையாது. தூசி, வியர்வை உப்பு, புதிதாகச் சிந்தியது எல்லாம் இதிலேயே போய்விடும். வாரம் ஒருமுறை இதைச் செய்கிறவருக்கு மற்ற வேலைகள் பாதியாகக் குறையும்.

குறை என்னவென்றால் எண்ணெய்ப்பிசுக்கை வெறும் தண்ணீர் எடுக்காது. லெதரின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய வரிகளுக்குள் போய் அமர்ந்த அழுக்கை வழவழப்பான துணி எட்டவும் செய்யாது. துடைத்ததும் சுத்தமானதுபோலத் தெரியும், ஆனால் சில மாதங்களில் வெளிர் நிற சீட் பழுப்பேறும். இருண்ட நிற சீட்டில் அதுகூடத் தெரியாமல் மின்ன ஆரம்பிக்கும்.

மறைமுகச் செலவு ஒன்றே ஒன்று: துணி. முந்தைய முறை டேஷ்போர்டு துடைத்த துணியிலேயே சீட்டையும் துடைத்தால் அதிலிருந்த மணல்துகளும் பாலிஷும் சீட்டுக்கு வந்துவிடும். சீட்டுக்கென்று தனித்துணி வையுங்கள்.

## வழி 2: லெதர் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும்

எனக்குப் பிடித்த வழி இதுதான். லெதருக்கென்றே தயாரித்த, நீர் அடிப்படையிலான, மென்மையான கிளீனர் ஒரு பாட்டில். குதிரைமயிரிலோ மென்மையான நைலானிலோ செய்த சிறிய பிரஷ் ஒன்று. இரண்டு மைக்ரோஃபைபர் துணி.

முதலில் வாக்யூம். இடுக்கிலிருக்கும் மணலை எடுக்காமல் பிரஷ் போட்டால் அந்த மணலே பூச்சைக் கீறிவிடும். பிறகு கிளீனரைச் சீட்டில் தெளிக்காமல் பிரஷ்ஷில் தெளியுங்கள். நுரை வந்ததும் ஒரு சமயத்தில் ஒரு பேனலை, அதாவது தையலுக்குள் அடங்கிய ஒரு துண்டை, மட்டும் எடுத்துக்கொண்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள்.

ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்கம் மேடாக எழும்பியிருக்கும் ஓரத்தில் இதை முதன்முதலாகச் செய்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வெள்ளையாகப் போட்ட நுரை பிரஷ் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் சாம்பல் நிறமாகி, தையல் ஓரத்தில் தேநீர் நிறத்தில் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டால் அந்த அழுக்கு மறுபடி தையல் நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். துணியை மடித்து மடித்து ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தால் எடுங்கள். கடைசியில் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. பேனல் காய்ந்ததும் புறங்கையால் தடவிப் பாருங்கள். வழுவழுப்புப் போய், லேசாகப் பிடிமானத்தோடு இருக்கும். கண்ணுக்கு மின்னாமல், மங்கலாகத் தெரியும். வேலை சரியாக முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

அழுக்கு எடுப்பதில் வீட்டில் செய்யக்கூடிய வழிகளில் இதற்கு இணை கிடையாது. பூச்சுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் இதற்கும் மறைமுகச் செலவுகள் உண்டு. நேரம்தான் முதல் செலவு. முழுக் காரையும் ஒழுங்காகச் செய்ய அரைநாள் போய்விடும். துளையிட்ட சீட்டில் கொஞ்சம் கவனம் தேவை. நுரை துளைக்குள் போய்க் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும், ஈரம் கூடினால் அடியிலுள்ள ஸ்பாஞ்சில் இறங்கும். அங்கே பிரஷ்ஷைக்கூட விட்டுவிட்டு, நுரை தொட்ட துணியால் மட்டும் துடைப்பது நல்லது. முன் பயணி சீட் ஊறிப்போனால் ஆளை உணரும் சென்சார் குழம்பி ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிய வாய்ப்புண்டு. அனிலின் சீட் என்றால் நிலைமை வேறு: அதற்கென்று சொல்லப்பட்ட கிளீனரை மட்டும், மறைவான இடத்தில் சோதித்த பிறகு, முழுப் பேனலிலும் சீராகப் போட வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் தேய்த்தால் வட்டமாகக் கறை நிற்கும்.

ஜீன்ஸ் சாயம் பற்றி ஒரு வார்த்தை. வெளிர் சீட்டில் ஏறிய நீலத்தை முதல் சில நாட்களில் இந்த முறையிலேயே எடுத்துவிடலாம். வெயிலில் நின்று சூடேறிச் சூடேறி நாளானால் சாயம் பூச்சுக்குள்ளேயே ஊடுருவிவிடும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் பூச்சுதான் போகும், நீலம் போகாது. மெலமைன் ஸ்பாஞ்சால் தேய்த்தால் போகிறதே என்பார்கள். அந்த ஸ்பாஞ்ச் மிக நுண்ணிய உப்புத்தாள் வேலை செய்கிறது. நீலத்தோடு சேர்த்து மேல்பூச்சையும் எடுத்துவிடுகிறது. அடுத்த முறை அதே இடத்தில் சாயம் இன்னும் சுலபமாக ஏறும்.

## வழி 3: சுத்தமும் கண்டிஷனிங்கும் ஒரே பாட்டிலில்

நேரம் இல்லாதவர்களுக்கு ஆசை காட்டும் பொருள் இது. தெளித்துத் துடைத்தால் இரண்டு வேலையும் முடிந்தது என்று சொல்வார்கள். டிஷ்யூ வடிவிலும் கிடைக்கும்.

இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதுதான் சிக்கல். கிளீனர் எண்ணெய்ப்பிசுக்கை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கண்டிஷனர் எண்ணெய்ப்பசையை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒரே திரவத்தில் இரண்டையும் வைத்தால் இரண்டுமே அரைகுறையாகத்தான் நடக்கும். அழுக்கான சீட்டில் போட்டால் எடுபடாத அழுக்கின் மேலேயே பசை ஒரு படலமாக உட்காரும், அடுத்த தூசி அதில் ஒட்டும்.

ஆனாலும் இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வழி 2-இல் ஆழமாகச் சுத்தம் செய்கிறவர், இடைப்பட்ட மாதங்களில் இதை வைத்துத் துடைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே சுத்தமாக உள்ள சீட்டுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். புதிய கார் வாங்கி முதல் நாளிலிருந்தே தவறாமல் துடைக்கிறவருக்கும் பொருந்தும். நாளான அழுக்கை இதை வைத்து எடுக்க நினைப்பதுதான் வீண்.

## வழி 4: வீட்டில் இருப்பதை வைத்து

பாத்திரம் கழுவும் திரவம், குளியல் சோப்பு, சமையல் சோடா, வினிகர், பேபி வைப்ஸ், ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

கட்டிச் சோப்பின் பிஎச் 9-லிருந்து 10 வரை போகும். குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் சாடில் சோப்பும் அதே கணக்குத்தான். மரப்பட்டையில் பதனிட்ட, பூச்சில்லாத தடித்த சேணத்தோலுக்காக வந்த பொருள் அது. பாலியூரித்தேன் பூச்சுள்ள கார் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சோடா இன்னும் கொஞ்சம் மோசம், ஏனென்றால் அதன் துகள் உரசவும் செய்யும். பாத்திரத் திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் ஓரிரு சொட்டு விட்டு, பிழிந்த துணியால் அவசரத்துக்கு ஒருமுறை துடைத்தால் சீட் கெட்டுவிடாது. அதையே வழக்கமாக்கக் கூடாது, அவ்வளவுதான். பேபி வைப்ஸும் அப்படித்தான்: குழந்தை சிந்தியதை உடனே எடுக்கக் கையில் கிடைத்தது அதுதான் என்றால் எடுங்கள், பிறகு தண்ணீர்த் துணியால் துடைத்துவிடுங்கள். கிருமிநாசினி வைப்ஸ் வேண்டவே வேண்டாம், ஆல்கஹால் பூச்சின் மேல் வேலை செய்யும்.

எண்ணெய்தான் எனக்குப் பெரிய கவலை. சமையல் எண்ணெய் பூச்சைத் தாண்டி உள்ளே போகாது, ஆனால் தையல் நூலுக்குள் போகும், துளைக்குள் போகும், விரிசலுக்குள் போகும். அங்கே இருந்தபடியே காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கும். மேலே நிற்பது உங்கள் உடையில் ஏறும். மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயும், மிங்க் என்ற விலங்கின் கொழுப்பிலிருந்து வரும் மிங்க் எண்ணெயும் லெதருக்கென்றே உள்ளவை என்றாலும் அவை காலணிக்கும் சேணத்துக்கும் உரியவை. கார் சீட்டின் நிறத்தைக் கருக்கவைக்கும், தூசியைப் பிடித்துவைக்கும்.

இன்னொரு விளைவு பலருக்குத் தெரியாது. வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் சூடு ஏறும்போது தடவிய எண்ணெயில் ஒரு பகுதி ஆவியாகி, முன்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலான படலமாகப் படியும். இரவில் எதிரே வரும் விளக்கு வெளிச்சம் அதில் சிதறும். கார் தயாரிப்பாளர்கள் லெதரை வாங்குவதற்கு முன் இதற்கென்றே தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த லெதரில் நாமே எண்ணெயைக் கொண்டுபோய்ப் பூசுவது நியாயமில்லை.

இந்த வழியின் கவர்ச்சி செலவில்லை என்பதுதான். சீட் பிசுபிசுத்த பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவு, முதலிலேயே கிளீனர் வாங்கியிருந்தால் ஆகியிருப்பதைவிடப் பல மடங்கு.

## வழி 5: டீட்டெய்லிங் கடையில் விடுவது

காரை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து தரும் கடைகள் இவை. நல்ல கடை என்றால் நம்மால் முடியாத சிலவற்றை அவர்களால் செய்ய முடியும். துளை வழியாகப் பால் இறங்கி ஸ்பாஞ்சில் புளித்துவிட்டது, ஈரத்தில் நின்ற காரில் பூஞ்சை பூத்துவிட்டது, பழைய கார் வாங்கியபோதே யாரோ போட்ட பாலிஷ் அடுக்கடுக்காக இருக்கிறது, நிறம் தேய்ந்து அடித்தோல் தெரிகிறது: இதெல்லாம் கடைக்குரிய வேலை. இவற்றில் வீட்டில் மல்லுக்கட்டுவது நேரத்துக்குக் கேடு.

ஆனால் கடையில் விட்டால் என்ன போடுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. வண்டியை எடுக்க வரும்போது கண்ணில் அடிக்க வேண்டும் என்பதற்காகச் சிலிகான் கலந்த பளபளப்புத் திரவம் பூசித் தரும் கடைகள் உண்டு. அது சீட்டை வழுக்க வைக்கும். பின்னாளில் நிறம் பூச வேண்டி வந்தால் சிலிகான் இருக்கும் இடத்தில் புதுப் பூச்சு ஒட்டாமல் குழிகுழியாக விலகும். நீராவி இயந்திரமும் கவனிக்க வேண்டியது. குரோமியம் உப்பில் (சுருக்கமாகக் குரோம்) பதனிட்ட தோல் ஈரமான நிலையில் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். குரோம் இல்லாமல் பதனிட்டவை, இப்போது கார்களில் நிறையவே வருபவை, 70 முதல் 80 டிகிரிக்குள்ளேயே சுருங்கத் தொடங்கிவிடும். உங்கள் சீட் எந்த வகை என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நீராவியை ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும், அதைத் திரும்ப இளக்க முடியாது.

ஆகவே விடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என்ன கிளீனர் போடுகிறீர்கள், கடைசியில் மேலே என்ன பூசுகிறீர்கள், நீராவி பயன்படுத்துவீர்களா. பளபளப்பு வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். பாட்டிலை எடுத்துக் காட்டிப் பதில் சொல்கிற கடை நம்பத்தகுந்தது.

## சுத்தம் செய்த பிறகு: கண்டிஷனரா, பாதுகாப்புப் பூச்சா?

நிறமிப் பூச்சு லெதருக்கு என் தேர்வு பாதுகாப்புப் பூச்சு. நீர் அடிப்படையில் வரும் இந்தத் திரவம் மேற்பரப்பில் மெல்லிய படலமாக நின்று, அழுக்கும் ஜீன்ஸ் சாயமும் நேராகப் பூச்சில் படாமல் தடுக்கிறது. உரசலையும் கொஞ்சம் குறைக்கிறது. தேயத்தேய மறுபடி போட வேண்டும். ஓட்டுநர் சீட்டுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பின் சீட்டுக்கு வருடம் ஒருமுறையோ இரண்டுமுறையோ என்று வைத்துக்கொள்ளலாம். செராமிக் பூச்சு என்று வருவதும் இந்த வேலையைத்தான் செய்கிறது, கூடுதல் நாள் நிற்கும். ஆனால் அடியில் அழுக்கு இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும் என்பதால், முன்தயாரிப்புச் சரியாக இல்லாத இடத்தில் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கண்டிஷனரின் இடம் அனிலின், செமி அனிலின், பூச்சுத் தேய்ந்த பழைய சீட் ஆகியவற்றில். அங்கே அது நாருக்குள் போக வழி இருக்கிறது, மென்மையும் தருகிறது. அங்கேயும் கொஞ்சமாகத் துணியில் எடுத்து, மெல்லிய படலமாகப் போட்டு, அரைமணி நேரத்தில் மீதியைத் துடைத்தெடுக்க வேண்டும். நிறையப் போட்டால் நிறைய நன்மை என்பது இதில் செல்லாது. ஸ்டீயரிங்கில் மட்டும் கண்டிஷனர் வேண்டாம், வழுக்கினால் ஆபத்து. அதைச் சுத்தம் செய்து அப்படியே விடுங்கள்.

நிறம் வெளுப்பதைத் தடுப்பதில் பாட்டிலைவிட நிழல் பெரியது. முன்கண்ணாடி இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது என்பதால் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியில்லை, புற ஊதா-ஏ கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விடும். ஆனால் முன்கண்ணாடி வழியாக வரும் சூடு குறைவானதல்ல, ஆகவே முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் மறைப்புப் போடுவது நல்லது.

## ஒரே பார்வையில்

| வழி | அழுக்கு எடுப்பது | சீட்டுக்கு ஆபத்து | மறைமுகச் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| ஈரத்துணி | தூசி, வியர்வை மட்டும் | மிகக் குறைவு | பிசுக்கு சேர்ந்துகொண்டே போகும் | வாராந்திரத் துடைப்பு |
| கிளீனர், பிரஷ் | மிக நன்று | குறைவு. துளைகளில் கவனம் | அரைநாள் உழைப்பு | வருடத்துக்குச் சில முறை, எல்லோருக்கும் |
| இரண்டும் ஒன்றான பாட்டில் | சுமார் | குறைவு | அழுக்கின் மேல் படலம் | ஏற்கெனவே சுத்தமான சீட் |
| வீட்டுச் சோப்பு, எண்ணெய் | சீரில்லை | அதிகம் | வாடை, கருமை, கண்ணாடியில் படலம் | அவசரத்துக்கு நீர்த்த திரவம் மட்டும் |
| டீட்டெய்லிங் கடை | கடையைப் பொறுத்தது | கடையைப் பொறுத்தது | சிலிகான், நீராவி | பூஞ்சை, ஆழமான கறை, நிறத் தேய்வு |

## யாருக்கு எது?

புதிய கார், வெளிர் நிற சீட்: அழுக்காகும் வரை காத்திருக்காதீர்கள். முதல் மாதமே பாதுகாப்புப் பூச்சைப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ஈரத்துணி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிளீனர். ஜீன்ஸ் சாயத்துக்கு எதிரான போராட்டத்தில் முன்கூட்டியே போட்ட படலம்தான் ஜெயிக்கும்.

குழந்தைகள், செல்லப்பிராணிகள் உள்ள வீடு: கிளீனரும் பிரஷ்ஷும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை இருக்கையின் அடியில் லெதர் அழுந்திக் குழி விழும், அங்கே நொறுக்குத்தீனித் தூளும் சேரும். இருக்கையை மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். சீட் கவர் போட்டுவிடலாமே என்று தோன்றும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில், அதற்கு ஒத்துவரும் என்று தயாரிப்பாளர் சொல்லாத கவர் ஏர்பேக் விரிவதைத் தடுக்கக்கூடும்.

அனிலின், செமி அனிலின்: இங்கே மட்டும் கண்டிஷனர் முக்கியம். அதற்கென்றே உள்ள கிளீனரும் கண்டிஷனரும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவது பாதுகாப்பு. சிந்தியதைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

செயற்கை லெதர்: கிளீனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்டிஷனர் வாங்கும் பணம் மிச்சம்.

பழைய கார், ஓட்டுநர் பக்க ஓரத்தில் விரிசல்: இதைக் கண்டிஷனர் ஆற்றும் என்று நம்பி ஒவ்வொரு பாட்டிலாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது. ஏறி இறங்கும்போது மடங்கி உரசிப் பூச்சு உடைந்த இடம் அது. தடவினால் ஈரத்தில் கொஞ்ச நாள் விரிசல் மறையும், காய்ந்ததும் திரும்பி வரும். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் சுத்தம் செய்து, நிரப்பி, அதே நிறத்தில் மறுபூச்சுப் போடலாம். தோலே கிழிந்திருந்தால் அந்த ஒரு பேனலை மட்டும் மாற்றித் தைக்கச் சொல்லலாம், முழு சீட்டையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் அந்த ஓரத்துத் தையல் சாதாரணத் தையல் இல்லை. ஏர்பேக் விரியும்போது சரியான இடத்தில் பிரிந்து வழிவிடும்படி தனி நூலில், தனிக் கணக்கில் தைத்தது. அதைத் தைக்கத் தெரியும் என்று சொல்கிறவர் ஏர்பேக் தையலைப் பற்றித் தானாகவே பேச்செடுக்கிறாரா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் சீட்டை அவரிடம் கொடுக்க வேண்டாம்.